இரண்டு கதவுக் காரும் கதவே இல்லாத ஜீப்பும்

வீட்டு வாசல் கேற்றடி மேட்டில் வயிறு தட்டி, மருமகன் டிலக்சனின் புது இரண்டு கதவுக் கூபே கார் உள்ளுக்கும் வராமல் வெளியிலும் போகாமல் நின்றது. கல்யாணமாகி ஒரு மாதம். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறிவிட்டார். அவருடைய கார்தான் இன்னும் குடியேறவில்லை.

"மாமா, இந்த மேட்ட யார் போட்டது?"

"நான்தான் மகன். மாரியில வெள்ளம் உள்ளுக்கு வராம."

"காரும் வருதில்லையே!"

மாமனார் நல்லரத்தினத்துக்கு எரிச்சலாக வந்தது. சித்தாண்டியில் அவர்களுக்கிருந்த வீடும் நெல் விளையும் வட்டைக் காணியும் மகள் பிரஷாந்திக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது. அவர் பேரில் மிஞ்சியது அறுபத்திரண்டாம் ஆண்டு ஜீப் ஒன்றுதான். இந்த மேட்டில் அது எருமை மாதிரி ஏறி இறங்கும். ஆனாலும் பிரஷாந்தி ஒரே பிள்ளை. அவள் கண்முன்னே இருப்பதென்றால் மேட்டை என்ன, கேற்றையே உடைப்பார்.

மேட்டை உடைத்தார். மூன்றாம் நாள் மழையில் வெள்ளம் நேரே முற்றத்துக்கு வந்து காரின் சில்லுகளைச் சேற்றுக்குள் இறக்கியது.

"வட்டைக்குள்ளயே ஓடுற ஜீப் இது. ஒரே இழுவையில எடுத்துத் தாறன், பாருங்க!"

இழுத்தார். கார் வரவில்லை. முன் பம்பர் மட்டும் வந்தது.

டிலக்சன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதுல ஏசி இருக்கா மாமா? இரும்புக்குப் போடுற சாமான்!"

"கதவே இல்லாததுக்கு என்னத்துக்கு மகன் ஏசி? காத்து சும்மா வருது."

மாமனாரின் பகிடிக்கு எந்த மருமகன் சிரித்திருக்கிறார்?

வெட்கம் தாங்காமல், ஜீப் நின்ற கொட்டிலையே காருக்குக் கொடுத்தார் நல்லரத்தினம். ஜீப்பைப் பின்னுக்கு எடுக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. காரின் ஒரு பக்கக் கதவு உள்ளே போனது.

அன்று பின்னேரம் பிரஷாந்தி அழுதுகொண்டு வந்தாள். "அப்பா, இந்த ஜீப் நிக்கிற வளவுல அவருக்கு இனி இருக்க ஏலாதாம். கொழும்புக்குப் போவமாம்."

"இஞ்சாருங்க, புள்ள வேணுமா, ஜீப் வேணுமா?" என்று கேட்டாள் மனைவி ஆச்சிப்பிள்ளை.

முப்பது வருடம் விதைநெல் ஏற்றிய ஜீப். பிரஷாந்தி பிறக்க ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதில்தான்.

"புள்ளதான்," என்றார் நல்லரத்தினம்.

மறுநாள் காலையிலேயே, பழைய இரும்பு எடுக்கிறவர் என்று யாரோ போன் பண்ணினார். நல்லரத்தினம் பேரம் பேசவில்லை. வந்த கடதாசியில் கையெழுத்தை வைத்துக் கொடுத்தார். அன்று மருமகன் முதல் தடவையாக, "மாமா, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். கொழும்புப் பேச்சே எடுக்கவில்லை. ஜீப் போனால் போகட்டும், பிள்ளை தங்கிவிட்டாள் என்று நல்லரத்தினம் மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த நாள், டிலக்சன் வேலைக்குப் போன பிறகு லொறி வந்தது. டிரைவர் இஷாம் ஜீப்பை ஏற்றி, கயிறு படும் இடமெல்லாம் மெத்தைத் துண்டு வைத்துப் பக்குவமாகக் கட்டினார்.

"பழைய இரும்புக்கு என்னத்துக்குத் தம்பி மெத்தை?"

"கீறல் விழப்படாதெண்டு கட்டளை ஐயா. கொழும்புல புது வீட்டு வாசல்ல நிப்பாட்டவாம். உங்கட மருமகன் அந்த வீட்டு அட்ரஸத் தர மறந்திட்டார், உங்களுக்குத் தெரியுமா?"