நீலக்கழுத்து முயலம்மன்

தீவில் டெய்ரி ஃபார்ம் என்ற குடியிருப்பில் அந்த மழைக்காலம் முழுக்க ஒரே பேச்சு. சந்திரமதி வீட்டு வெள்ளை முயலுக்குக் கழுத்து நீலமாகிவிட்டதாம்! தமிழர் வந்தார்கள், தெலுங்கர் வந்தார்கள், "ஜெய் மா" என்று வங்காளிகள் வந்தார்கள். மூளையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

கண்டுபிடித்தவர் ஜம்புலிங்க சாமியார். மெயின்லேண்டிலிருந்து கடை வைக்க வந்தவர். கடை ஓடவில்லை, சாமி ஓடியது. இது முயலில்லை, நீலாம்பிகை, தினமும் தன்னோடு பேசுகிறாள் என்றார். அவள் தண்ணீர்த் தட்டு எந்நேரமும் ததும்ப வேண்டும், கழுத்து காயவே கூடாது. அந்தத் தண்ணீர்தான் சொறிசிரங்குக்குத் தீர்த்தம். காணிக்கை வெங்காயம் மட்டும். கப்பல் வந்தால்தான் வெங்காயம் என்ற தீவில், முயலுக்கு எதற்கய்யா மூட்டை வெங்காயம் என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை.

சந்திரமதிக்கும் முதலில் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் அடுப்படியில் காலைச் சுற்றிச் சுற்றி வந்த முயல் இப்போது தீனி தொடவில்லை. கழுத்தில் முடி உதிர்ந்து, தோல் புண்ணாகி நாறியது. யாருக்கும் சொல்லாமல் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் அருள்நாதனைக் கூட்டிவந்தாள்.

அவர் முடியை விலக்கிப் பார்த்தார். "ஓயாம ஈரத்துல ஊறின தோல்ல கிருமி புகுந்திருக்கும்மா. இந்த நீலம் அந்தக் கிருமியோட சாயம். இப்படியே விட்டா செத்துடும்."

கழுத்து காய்ந்தால் தீவே மூழ்கும் என்று சாமியார் குதித்தார். கூட்டம் கம்பவுண்டரை வெளியே தள்ளியது.

மறுநாள் அவர் ஒரு கூடையோடு வந்தார். பக்கத்து ஊரான சிப்பிகாட்டில் மழை ஒழுகும் ஒரு கொட்டகையிலிருந்து மூன்று முயல்கள், மூன்றுக்கும் நீலக்கழுத்து! சந்திரமதி தன் முயலையும் அதற்குள் விட்டாள்.

"உங்களோட பேசுற அம்மனை எடுத்துக் குடுங்க சாமி" என்றார் அருள்நாதன்.

சாமியார் கண்ணை மூடினார், முணுமுணுத்தார், கொழுத்ததாக ஒன்றை எடுத்து மாலை போட்டு விழுந்து கும்பிட்டார். கூட்டமும் விழுந்தது. அருள்நாதன் அதைத் தூக்கி மல்லாத்திக் காட்டினார்.

"அம்மன் கடாவாச்சே சாமி."

முதலில் சிரித்தவள் சந்திரமதி. அப்புறம் டெய்ரி ஃபார்மே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "அரே, மேரா பியாஜ்!" என்று ஒரு வங்காளிப் பெண் வெங்காய மூட்டைமேல் பாய, சாமியார் கப்பல்துறைப் பக்கம் ஓட்டம் பிடித்தார்.

முடியைக் கத்தரித்து, துடைத்துக் காயவைத்து, மருந்து போட்டு, தட்டுக்குப் பதில் வாய் குறுகிய டப்பா வைத்தார்கள். மூன்று வாரத்தில் வெள்ளை முடி முளைத்தது. முயல் மறுபடி சந்திரமதியின் காலைச் சுற்றியது.

முயல் கழுத்து காய மூன்று வாரம். தீர்த்தம் குடித்த மண்டைகள் காய எத்தனை வருஷமோ! கொஞ்சம் வெயிலில் வைத்து யோசியுங்கள் ஐயா.