பழி ஏற்பு அலுவலர்

மெத்தை தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் கடிதப் பிரிவை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவரை எல்லோரும் லெட்டர் அக்கா என்பார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் விலை கொடுத்துக் கடிதம் எழுதும் மென்பொருள் வாங்கியபோது பட்டியலில் அவர் பெயர் மட்டும் விட்டுப்போனது. கேட்டுக் கேட்டு அலுத்து, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடைத்த திறமூல மென்பொருள் ஒன்றைத் தாமே கணினியில் போட்டுக்கொண்டார். மூன்று வருடம் ஓடியது. மற்றவர்களிடம் திறக்க மறுத்த கோப்புகளெல்லாம் அவரிடம் வந்துதான் திறந்துகொண்டு போயின.

இந்த ஒழுங்கீனம் ஒருநாள் மேலாளரின் மேலான கவனத்துக்கு வந்தது. விசாரணைக் குழு கூடியது.

"இது ரிப்பேர் ஆனா யாரைக் கேப்பீங்க?" என்றார் மேலாளர்.

"இதுவரைக்கும் ஆகலை சார்."

"அதுதான் ஆபத்து. இது ரிப்பேர் ஆகி நமக்கு அனுபவமே இல்லை."

கொள்முதல் அதிகாரி தலையாட்டினார். "நாங்க வாங்கினது வாராவாரம் நிக்குது. உடனே அந்தக் கம்பெனிக்குப் போன் போடறேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டு மரியாதையா காக்க வெக்கறாங்க. உங்களோடதுல அதுக்கு ஆள் இருக்கா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி என்பது நினைவுக்கு வரவே, அதை விழுங்கிக்கொண்டார்.

"முதலாளி என்னைத் திட்டினா நான் அந்தக் கம்பெனிக்காரங்களைத் திட்டுவேன்," என்றார் மேலாளர். "இதை எழுதினவங்க உலகம் பூரா சிதறிக் கிடக்கறாங்க. நான் யாரைப் போய்த் திட்ட?"

"என்னைத் திட்டிக்குங்க சார்," என்றார் அக்கா, வெறுத்துப்போய்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியொரு வழி யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மறுநாளே ஆணை வந்தது. கம்பெனி முழுவதும் இனி இலவச மென்பொருள். லெட்டர் அக்கா இன்றுமுதல் பழி ஏற்பு அலுவலர். அவருக்குத் தனி அறை, திட்ட வருபவர் சாய்ந்து உட்கார மெத்தை நாற்காலி.

ஆறு மாதம் ஒன்றும் பழுதாகவில்லை. ஏழாவது மாதம் மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது: 'தாங்கள் பொறுப்பேற்ற நாள்முதல் ஒருமுறைகூடத் திட்டு வாங்கவில்லை. திட்ட வழியின்றி ஊழியர்கள் சோர்ந்துள்ளனர். இப்பதவி தேவைதானா என மூன்று நாளில் விளக்கம் தரவும்.'

அக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, எல்லோருடைய கோப்புகளும் இருந்த பொதுக் கணினியின் ஒயரைச் சத்தமில்லாமல் உருவிவிட்டார்.

பத்து நிமிடத்தில் அறை வாசலில் வரிசை நின்றது. மேலாளர்தான் முதல் ஆள். கால் மணி நேரம் மனமாரத் திட்டிவிட்டு, முகம் மலர்ந்து வெளியே போனார். கடைசி ஆளும் திட்டி முடித்தபின் அக்கா ஒயரைச் செருகினார்.

அதன்பின் செவ்வாய்தோறும் ஒயர் உருவப்பட்டது. வேலைப்பளு கருதி அவருக்கு இரண்டு உதவியாளர்களும் தரப்பட்டார்கள்: உருவ ஒருவர், செருக ஒருவர்.

ஆண்டுக் கூட்டத்தில் முதலாளி நெகிழ்ந்துபோய்ப் பேசினார்: "சும்மா கிடைச்சதாச்சேன்னு ஆரம்பத்துல பயந்தேன். இப்ப பாருங்க, காசு குடுத்து வாங்கினது மாதிரியே வேலை செய்யுது."