ராஜாவை இறக்கும் கத்தரிக்கோல்

உலகத்திலேயே அறிவார்ந்த ஆட்சிமுறை பிராங்கு இனத்தாராகிய எங்களுடையதுதான். மற்ற நாட்டார் ராஜாவின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தேடி ஏமாறுகிறார்கள். நாங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கிறோம். உள்ளே இருப்பதை யார் சோதிக்க முடியும்? மேலே இருப்பது கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் தெரியும்.

இது இயங்கும் விதத்தைச் சொல்கிறேன். அழகான ஏற்பாடு. ராஜ வம்சத்தில் பிறந்து, தோளுக்குக் கீழே முடி தொங்கினால் அவர் ராஜா. வெட்டிவிட்டால் துறவி. மறுபடி வளர்ந்தால் மறுபடி ராஜா. படை, வரி, தீர்ப்பு போன்ற சில்லறை வேலைகளை அரண்மனை மேலாளர் கவனித்துக்கொள்வார். ராஜாவின் பொறுப்பு கனமானது: வசந்தகாலச் சபைக்கு மாட்டு வண்டியில் வரவேண்டும், உட்காரவேண்டும், திரும்பிப் போகவேண்டும். தூதர்கள் வந்தால், மேலாளர் சொல்லிக்கொடுத்த பதிலைச் ‘சொந்தமாக’ச் சொல்லவேண்டும்.

வேண்டாத ராஜாவை இறக்க இரண்டு வழிகள். ஒன்று கத்தி, இன்னொன்று கத்தரிக்கோல். நாங்கள் நாகரிகமானவர்கள் என்பதால் பெரும்பாலும் கத்தரிக்கோல்தான். முடியை வெட்டி, ஓய்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் மடத்தில் விட்டுவிடுவார்கள். கத்தரிக்கோலைப் பிடிப்பவன் நான், மடத்துச் சகோதரன் அவுடோ. ஆள் மறுபடி தேவைப்பட்டால் ‘கொஞ்சம் வளரவிடவும்’ என்று சேதி வரும். நான் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிடுவேன். நாட்டின் எதிர்காலம் தானாக வளரும்.

கில்டோமர் ராஜா அப்படி வளர்ந்தவர்தான். இளவயதில் எங்களிடம் வந்தார், மொச்சை போடக் கற்றுக்கொண்டார், அதில் ஊறிப்போனார். சேதி வந்தது. முடியும் வந்தது. வண்டி ஏறும்போது, “பாத்திக்குத் தண்ணி ஊத்து, அவுடோ. போயிட்டு வந்துடறேன்,” என்றார்.

பல வருஷம் கழித்து, ஓர் இலையுதிர்காலக் காலையில் வந்தார். கூடவே மேலாளர் ராகன்பால்ட், பிஷப் பெர்த்தார், ஈட்டிக்காரர்கள். ராஜாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர், இடுப்புவரை முடியோடு, கிடைத்துவிட்டாராம். இவரை இறக்கவேண்டும்.

ராஜாவை முக்காலியில் உட்காரவைத்தார்கள். கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். தொப்பியோடு முடி மொத்தமும் என் கையில் வந்துவிட்டது. கீழே சுரைக்காய் மாதிரி தலை. ஒரு கவலையும் இல்லாத பதவியில் அத்தனையும் கொட்டியிருந்தது.

“குதிரை வால்,” என்றார் மேலாளர், வேறெங்கோ பார்த்தபடி. “தொப்பியில தச்சு ஓட்டிக்கிட்டிருந்தோம். சபையில எல்லாரும் கும்பிட்டாங்க. நீ வெட்டுப்பா.”

“எதை ஐயா?”

“அந்த வாலையே வெட்டேன்,” என்றார் பிஷப்.

“வெட்டலாம் சாமி. ஆனா பதவி போறது குதிரைக்குத்தான்.”

பிஷப் கண்ணை மூடி யோசித்தார். “அதுவும் சரிதான். முடியை வெட்டினாத்தான் இறக்கினதா கணக்கு. இவரை வெட்டவே முடியாது. முறைப்படி பார்த்தா, சாகிற வரைக்கும் இவர்தான் ராஜா.”

“சாகிற வரைக்கும்,” என்று மேலாளர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். கை இடுப்புக் கத்தியில் போய் உட்கார்ந்தது. “அது ஒண்ணும் ரொம்ப தூரம் இல்லையே சாமி.”

கில்டோமர் என்னைப் பார்த்தார். “மொச்சை இந்த வருஷம் எப்படிடா?”

“பூச்சி அரிச்சிடுச்சு. நீங்க இல்லாம.”

“நான்தான் வந்துட்டேன்ல. பார்த்துக்கலாம்.” குரல் சரியாகத்தான் இருந்தது. கண் மட்டும் மேலாளரின் கத்தியை விட்டு நகரவில்லை.

அந்தத் தலையை வெயில் பக்கம் திருப்பினேன். அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்குகிறவனைப் போலத் தேடினேன். இடது காதுக்குப் பின்னால், மடிப்புக்குள், அது இருந்தது. ஒரே ஒரு முடி.

“இருக்கு சாமி.”

“ஒண்ணு போதுமா?”

“எத்தனைன்னு முறையில சொல்லலையே.”

“குதிரையோடது ஒட்டிக்கிட்டிருக்கும்,” என்று மேலாளர் இரண்டு விரலால் அதைப் பிடித்தார்.

“மெதுவா ஐயா. பிடுங்கிட்டீங்கன்னா வெட்டினதா ஆகாது.”

அவர் இழுத்தார். ராஜா “ஆ” என்றார். பிஷப் குனிந்து பார்த்து, “வலிக்குது. ராஜ வம்சத்து முடிதான்,” என்று அறிவித்தார்.

வெட்டினேன். எல்லோரும் மண்டியிட்டார்கள். ‘அலையலையான கூந்தல் மண்ணில் சரிந்தது’ என்று பிஷப் ஊர் ஊராகச் சொன்னார். கில்டோமர் நேராகப் பாத்திக்குப் போனார்.

மேலாளர் மட்டும் உள்ளங்கையில் அந்த முடியை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். “இதுலயா இத்தனை நாளா நாடு தொங்கிக்கிட்டிருந்துச்சு?”

“குதிரை வால்லயும் கொஞ்சம், ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. சிந்திக்கிற மனிதர். ஒன்றுவிட்ட தம்பி கொஞ்சகாலம் வண்டியில் போய்வந்தார். பிறகு அவரையும் வெட்டினேன். அருமையான முடி. அடுத்த ராஜா மேலாளரேதான்.

அவருக்கு முடி காதைக்கூடத் தாண்டாது. அதனால் பிஷப் புதிய முறையைக் கொண்டுவந்தார்: ஜெபித்த எண்ணெயைத் தலையில் ஊற்றுவது. எங்கள் மடத்துக்கே வந்து அதை விளக்கினார். “முடி நரைக்கும், கொட்டும், வெட்டினா போயிடும். எண்ணெய் அப்படியா? ஊத்தினா உள்ள இறங்கிடும். அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.”

கருவிகளையும் முறைகளையும் நேசிக்கிற நான் வாய்பிளந்து கேட்டேன். என்ன ஒரு முன்னேற்றம். கில்டோமர் மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “அப்போ இவரை எப்படி சாமி இறக்குறது?”

பிஷப் மொச்சை நன்றாகக் காய்த்திருப்பதாகச் சொன்னார்.

மறுவாரம் அரண்மனை ஆட்கள் வந்து, இனித் தேவையில்லை என்று என் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போனார்கள். கத்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அவர்கள் இடுப்பிலேயே இருந்தது.