உஷ் அங்கிளும் சத்தமில்லாத ஃபேனும்

உலகத்தில் உள்ள சத்தங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து, இதற்கு அனுமதி உண்டு, இதற்குக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கு மட்டுமே இருப்பதாக மனமார நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். தெரியும் என்ன, எண்பதுகளில் மூன்று வருடம் அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருந்தேன். அந்த மூன்று வருடமும் நான் வாய்விட்டுத் தும்மியது ஆபீஸில் மட்டும்தான்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. கேட்டில் பித்தளைப் பலகையில் பொறித்தும் வைத்திருந்தார். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. தபால்காரரிலிருந்து ஐஸ் விற்கிறவர்வரை எல்லோருக்கும் அவர் உஷ் அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கீழ் வீட்டில் அவர் தனியாக இருந்தார். மாடியில் நானும் என் மனைவி வசந்தியும்.

குடிபோன முதல் நாளே வசந்தியின் கொலுசை உற்றுப் பார்த்து, "பிள்ளை, உது மணி இல்லாமல் கடையில கிடைக்காதோ?" என்று கேட்டார். மறுநாள் எண்ணெய்க் குப்பியோடு வந்து எங்கள் வீட்டுக் கதவுக் கீல்கள் அத்தனைக்கும் எண்ணெய் விட்டார். குக்கருக்கு இரண்டு விசிலுக்கு மேல் அனுமதி இல்லை. பருப்பு வேகவில்லையே என்றால், "ஊறப் போட்டு அவியும்" என்று பதில் வரும். குளியலறையில் வாளி இழுக்கிற சத்தம் கீழே கேட்கிறதென்று, நாங்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அந்தக் கதவின் அடியில் இடைவெளியே இல்லாமல் ஒட்டிவிட்டார். ஆணி அடிக்கவில்லை. அடித்தால் சத்தம் வருமே!

சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை, கேட்டில் நின்று உதட்டில் விரல் வைத்து மறிப்பார். அந்த ஆள் பயந்துபோய் எங்கள் தெருவில் மட்டும் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார். ரொட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு தெருவே பிஸ்கட்டைத் தொட்டுக்கொண்டு டீ குடித்தது.

இத்தனைக்கும் வீட்டுக்குப் பின்னால் ஐம்பதடி தூரத்தில் ரயில் பாதை. சரக்கு வண்டி போனால் எங்கள் அலமாரியில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். உஷ் அங்கிள் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அங்கிள், இது சத்தம் இல்லையா?"

"எது?"

"ரயில்!"

"அது ரயில்," என்றார், மழையைக் காட்டி இது என்ன என்று நான் கேட்டதைப்போல.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில்தான் நான் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டவேண்டி வந்தது.

எங்கள் குளியலறை, மாடி மூலையில் இருந்த சாமான் அறையைத் தடுத்துக் கட்டியது. ஜன்னல் கிடையாது. குளித்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் சுவரில் வழியும். கூரை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. வசந்திக்கு இழுப்பு வர ஆரம்பித்தது. அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். கிள்ளானில் இருந்த அம்மா வீட்டுக்குப் பிரசவத்துக்குக் கிளம்பும்போது, பெட்டியைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பிள்ள பொறந்து நாப்பது நாள்ல வருவேன். அதுக்குள்ள அந்த பாத்ரூம்ல ஒரு ஃபேன் ஓடணும். இல்லன்னா நீங்களும் உங்க உஷ்ஷும் அங்கயே குடும்பம் நடத்துங்க. நா என் பிள்ளையோட கிள்ளான்லயே இருந்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

கீழே போய் உஷ் அங்கிளிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, "போடலாம் தம்பி. ஆனால் சத்தம் வரக்கூடாது," என்றார்.

"ஃபேன்னா கொஞ்சமாச்சும் வரும் அங்கிள்."

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு?"

கையை விரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே குடையும், ஒரு முழ நீளத்துக்கு ஒரு திருப்புளியும் எடுத்துக்கொண்டு என்னோடு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

திருப்புளி எதற்கென்று கடையில்தான் தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் நடத்திய மின்சாமான் கடை. அங்கிள் முதலில் ரேடியோவை அணைக்கச் சொன்னார். பிறகு கூரை ஃபேனை. பிறகு மேஜை ஃபேன்களை. சாமான் வாங்க வந்த இரண்டு பெண்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவர்கள் திகைத்து நிற்க, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, திருப்புளியின் முனையை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"பேரிங்குக்கு இருமல்," என்றார். "அடுத்தது."

ஒன்பது ஃபேன். ஒன்றுக்கு இருமல், ஒன்றுக்குப் பல் கடிக்கிற வியாதி, ஒன்று "மூக்கால கதைக்குது." பத்தாவதை எடுக்கச் சொன்னபோது கடை முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே வியர்வையில் நனைந்து நின்றார். கூரை ஃபேனை அணைத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "அங்கிள், இது கடை லா, ஆஸ்பத்திரி இல்லை," என்று மலாயில் கெஞ்சினார். அதன்பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் பல்பு வாங்கக்கூடப் போனதில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் இன்னும் நான்கு கடை. ஐந்தாவது ஞாயிறு காலை, குளித்துக்கொண்டிருந்த என்னை யாரோ கதவில் விரல் நகத்தால் சுரண்டிக் கூப்பிட்டார்கள். உஷ் அங்கிள் கதவைத் தட்டுகிற முறை அது. துண்டோடு எட்டிப் பார்த்தேன்.

"கிள்ளானில இருந்து ஃபோன். பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்," என்றார்.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய செய்தியை ஒருவர் எனக்குக் கிசுகிசுத்துச் சொன்னார். நானும் "அப்படியா அங்கிள்!" என்று கிசுகிசுத்துக் குதித்தேன், கால் தரையில் படாத மாதிரி.

கிள்ளானுக்கு நான் கிளம்ப, அவரும் குடையும் திருப்புளியுமாகக் கேட்டில் நின்றார். "கிள்ளானிலயும் கடை இருக்குத்தானே," என்றார். பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் அவருக்கு ஒரு ஃபேன் பிடித்துவிட்டது. நான் கேட்டிருந்ததைவிடப் பெரியது.

"பெரிய இறக்கை ஆறுதலாச் சுத்தினாலே காணும், தம்பி. சின்னது அந்தரப்பட்டுச் சுத்தும். அதுதான் கத்தும்."

பெரியது மெதுவாகச் சுற்றினாலே போதும் என்பதைச் சொல்ல எதற்கு ஐந்து வாரம் என்று நான் கேட்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம். குலுங்கினால் பேரிங் கெட்டுவிடுமாம். வழி முழுக்க என் முழங்கால்மேல் அவர் கையை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார்.

ஃபேன் வந்தாகிவிட்டது. சுவரில் ஓட்டை போடவேண்டும். ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு வயர்மேனைத் தேடிப் பிடிக்கவே ஒரு மாதம் ஆயிற்று. நல்ல தொழில்காரர். ஆனால் அவர் உளியும் சுத்தியலும் எடுத்து ஒரே ஒரு அடி அடித்ததும் கீழேயிருந்து அங்கிள் மேலே வந்துவிட்டார்.

"என்ன இது?"

"செவுரு அங்கிள். ஒடைச்சாத்தான் ஓட்ட வரும்," என்றார் வயர்மேன்.

அங்கிள் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பின்பக்க ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு ஒரு கையை உயர்த்தினார். "பொறும்... பொறும்..." தூரத்தில் ரயில் வருகிற அதிர்வு தெரிந்தது. அது வீட்டுக்கு நேரே வந்ததும் கையைச் சட்டென்று கீழே இறக்கினார்.

"இப்ப அடியும்!"

வயர்மேன் திகைத்துப்போய் அடித்தார். கடைசிப் பெட்டி கடந்ததும் கை மறுபடி உயர்ந்தது. "நிப்பாட்டும்!"

அடுத்த ரயில் அரை மணி கழித்து. அதுவரைக்கும் நாங்கள் மூவரும் குளியலறையில் சும்மா நின்றோம். மொத்த ஓட்டையும் இப்படித்தான் விழுந்தது. பயணிகள் வண்டிக்கு அரைச் செங்கல், சரக்கு வண்டிக்கு ஒன்றரைச் செங்கல். வயர்மேன் என் காதருகே வந்து, "அண்ணே, நா வயரிங் படிச்சவன் லா. டைம்டேபிள் படிக்கல," என்றார். ஒரு நாளில் முடியவேண்டிய ஓட்டை மூன்று நாள் எடுத்தது. நான் ஆபீஸுக்கு மூன்று நாள் லீவு போட்டு ரயிலுக்குக் காத்திருந்தேன், எந்த ஊருக்கும் போகாமல்.

நாலாம் நாள் ஃபேனை மாட்டினார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ரப்பர் வைக்கச் சொன்னார் அங்கிள். வைத்தார். திருகுகளுக்கும் ரப்பர் வளையம் கேட்டார். அதுவும் போட்டார். ஸ்விட்சைத் தட்டினோம். முனகல்கூட இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சோதித்துப் பார்ப்பதற்காக அங்கிள் குளியலறைக் கதவைச் சாத்தினார்.

ஊஊஊவென்று ஒரு ஊளை. பேய்க்குப் பல்வலி வந்தால் அப்படித்தான் கத்தும். உஷ் அங்கிள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கழட்டும்!"

வயர்மேன் கழற்றினார், மாட்டினார். மறுபடி ஊளை. இறக்கையைத் திருப்பினார், எண்ணெய் விட்டார், ரப்பரை இரட்டிப்பாக்கினார். கதவு திறந்திருந்தால் பரம சாது, மூடினால் ஊளை. வசந்தி வர நாலே நாள் இருந்தது. நான் பொறுமை இழந்துவிட்டேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் குரலை உயர்த்தினேன்.

"ஒரு ஃபேனுக்கு இவ்வளவு கூத்தா அங்கிள்? நா சுங்கை பூலோவுக்கே வீடு மாறிப் போயிடறேன்! அங்க நாய் கொலைக்குது, ரேடியோ பாடுது, யாரும் சாகல!"

அவர் கோபப்படவில்லை. குளியலறைப் படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"தம்பி, ஸ்டேஷனில எனக்குக் கண்ணால வேலை இல்லை. காதாலதான். வண்டி நல்லா வருதோ, சக்கரம் ஏதும் பிழைச்சுப் போச்சோ, எல்லாம் சத்தத்திலதான் பிடிக்கவேணும். ஒரு சத்தம் எங்கேயிருந்து, ஏன் வருதெண்டு தெரியாட்டில் எனக்கு இருக்க ஏலாது. சோறு இறங்காது. நான் என்ன செய்ய?"

வயர்மேன் கனைத்தார். கதவருகே குந்தி அடியில் விரலைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இங்க ட்யூப ஒட்டுனது யாரு?"

அங்கிள் நிமிர்ந்தார். "நான்தான். ஏன்?"

"காத்து வெளிய போகணும்னா உள்ள வரணும் லா. கதவுக்கடில சந்தே வைக்காம அடைச்சிட்டீங்க. ஃபேன் மூச்சு முட்டிக் கத்துது. சாவி ஓட்டை வழியா இழுக்கிற சத்தம்தான் அந்த ஊளை."

சைக்கிள் ட்யூபைப் பிய்த்து எறிந்தார். கதவைச் சாத்தினோம். ஃபேன் ஓடியது. ஒன்றுமே கேட்கவில்லை. ஒன்பது வாரம், ஆறு கடை, மூன்று நாள் ரயில், எல்லாம் சேர்ந்து பிடித்த கடைசிச் சத்தத்தை உண்டாக்கியவர் உஷ் அங்கிளேதான். வயர்மேனும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டோம். அங்கிள் பிய்ந்த ட்யூபைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "நல்ல ட்யூப்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சொன்னபடி நாற்பதாம் நாள் வசந்தி பிள்ளையோடு வந்தாள். நேரே குளியலறைக்குப் போனாள். "ஓடுதா, இல்ல சும்மா மாட்டி வச்சிருக்கீங்களா?" என்றாள். ஒரு துண்டுக் காகிதத்தை ஃபேனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். ஒட்டிக்கொண்டது. அதன்பிறகுதான் பெட்டியைத் திறந்தாள்.

என் கவலை வேறு இடத்துக்குத் தாவியது. பிள்ளைக்கு அசாத்தியத் தொண்டை. பாலுக்கு ஒரு கத்தல், தண்ணீருக்கு ஒரு கத்தல், காரணமே இல்லாமல் ஒரு நீண்ட கத்தல். ஒவ்வொரு தடவையும் நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. அவர் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு மதியம் வந்தார். கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம். வசந்தி என்னை முறைத்தாள். பயந்துகொண்டே திறந்தேன். மூச்சு வாங்க நின்றார். சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டிருந்தார்.

"சொல்லுங்க அங்கிள்."

"ரெண்டு மணித்தியாலமா சத்தம் ஒண்டும் இல்லை," என்றார். "பிள்ளைக்கு என்ன?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வசந்திக்கு உடனே புரிந்துவிட்டது. கதவை அகலத் திறந்து, தொட்டிலைக் காட்டினாள். "தூங்குது அங்கிள். நல்லாத்தான் இருக்கு."

அவர் தொட்டிலருகே போய்க் குனிந்து காதைக் கொடுத்தார். திருப்புளி இல்லாமல், வெறும் காதை. வெகுநேரம் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். கொஞ்சம் கழித்துப் பார்த்தால், எங்கள் மாடிப்படியின் மேல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிள்ளை விழித்துக்கொண்டு தெருவே கேட்க ஒரு கத்துக் கத்தியது. உஷ் அங்கிள் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனார்.