கைதான தக்காளி

"இது பட்டியல்ல இல்லாத ரகம்க்கா. நாத்து விக்கக் கூடாது, சட்டம்!" என்றார் விதை ஆய்வாளர் ராங்கெல். அவர் கையில் ஒரு மொட்டைக் கடிதம். ஸ்லாடினோ சந்தையில் வெலிச்கா சட்டவிரோதத் தக்காளி விற்கிறாள் என்று யாரோ புண்ணியவான் போட்டுக் கொடுத்திருந்தான்.

"எங்க ஊரை விட்டா இந்த ரகம் எங்கயும் கிடையாது தம்பி. பட்டியல்ல சேக்கச் சொல்லி மூணு வருஷமா நடையா நடக்கறேன். 'அரசாங்க மண்ணுல ஒரு போகம் வளரணும், அதிகாரி அளந்து எழுதணும், அதுக்கு எங்ககிட்ட இடமில்ல'ன்னு துரத்தறீங்க."

ராங்கெல் காதில் வாங்கவில்லை. நூற்றிருபது நாற்றையும் வண்டியில் ஏற்றினார்.

"தாராளமா கொண்டு போ. விசாரணைக்குள்ள சாட்சிப் பொருள் செத்துச்சுன்னா உன் வேலை காலி!"

விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவள் சொன்னது சரிதான். வேறு வழியில்லாமல் அலுவலகக் கொல்லையில் ரோஜாக்களைப் பிடுங்கிவிட்டு நாற்றுகளை நட்டார்.

மறுநாளே வேலிக்கு வெளியே வெலிச்கா. "இப்படியா தண்ணி ஊத்துவ? வேர் அழுகிடும்யா!"

"போங்கக்கா, கத்தாதீங்க!"

"ஒரு செடி வாடட்டும், மேலிடத்துக்கு எழுதிப் போடறேன்."

அரண்டுபோன ராங்கெல் தினமும் உயரம், இலை, பூ, காய் என்று அளந்து, எழுதி, கையெழுத்தும் போட்டார். ஆலங்கட்டி மழையன்று தன் கோட்டைக் கழற்றிச் செடிகளுக்குப் போர்த்தினார். ஆகஸ்டில் காய்கள் அரைக்கிலோ கனத்தில் பழுத்தன. தானாக உதிர்ந்த ஒன்றை வெள்ளைப் பாலாடைக்கட்டியோடு தின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீதிமன்றம் இவற்றை அழிக்கச் சொல்லிவிட்டால்?

விசாரணையன்று நீதிபதி அவருடைய குறிப்பேட்டைப் புரட்டினார். "அரசாங்க மண்ணு, முழு போகம், அதிகாரி கையெழுத்து. இதுக்கு மேல என்ன வேணும்? ரகத்தைப் பட்டியல்ல சேருங்க. அம்மாவுக்கு எச்சரிக்கை போதும்."

சந்தைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வெலிச்கா ராங்கெலின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். ஆளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷமும்தான்.

"அந்த மொட்டைக் கடிதாசிக்காரன் மூஞ்சியில நல்லா கரியைப் பூசியாச்சு!" என்றார் ராங்கெல், தன் அலுவலக எழுத்தர் டோன்காவிடம்.

டோன்கா கோப்பைத் திறந்து, கடிதத்தையும் வெலிச்காவின் பழைய மனுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எழுத்தைப் பாருங்க சார். கடிதாசி போட்டதே அந்த அக்காதான்."