நெற்றியில் சுருக்கம் கூடாது

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். அரசாங்க வார்த்தைகள் வாயில் சரியாக நுழையாது. ஒரு வார்த்தை முன்னே பின்னே போனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்து தொலைக்குமோ என்னவோ. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

குடும்ப ஆரோக்கியத்தை மேம்படுத்தும் உயரிய நோக்கத்தோடு எங்கள் ஊரில் நிம்மதித் துறை என்று ஒன்றைத் திறந்தார்கள். "சகல நோய்களுக்கும் வேர் கவலையே. எனவே கவலை இன்று முதல் தடை செய்யப்படுகிறது" என்று அறிவிப்பு வந்தது. கவலைப்படாத வீட்டுக் கதவில் பச்சை வில்லை ஒட்டுவார்கள். கவலைப்படுகிற ஆள் யாராவது அகப்பட்டால் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் மூன்று மாதம் நிம்மதி இல்லத்தில் வைப்பார்கள். அங்கே போன் கிடையாது. வீட்டார் வந்து பார்க்கவும் கூடாது. பார்த்தால் கவலை திரும்பிவிடுமாம்.

சட்டம் வந்தால் பின்னாலேயே நாகரிகமும் வந்துவிடும். கவலையில்லாதவன் துணியை மடித்து வைப்பானா? மாட்டான். ஆகவே அந்த வருஷம் கசங்கிய உடுப்புதான் மோஸ்தர். தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்த துணியை உருட்டி, அதன் மேல் உட்கார்ந்து, கசக்கிக் கொடுக்க ஆரம்பித்தார். கூலியும் இரட்டிப்பு. என் மருமகள் வேலைக்குக் கிளம்பினால் அழுக்கு மூட்டையிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவள் மாதிரி இருப்பாள்.

"சட்டையில சுருக்கம் இருக்கலாம் அத்தை, நெத்தியிலதான் இருக்கக் கூடாது" என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள்.

என் நெற்றியிலோ மூன்று கோடு. ஒன்று மகன் தவழ ஆரம்பித்தபோது விழுந்தது. இன்னொன்று அவன் வண்டி ஓட்டக் கற்றபோது. மூன்றாவது பேத்திக்குச் சொந்தம். அவளுக்கு நாலு வயசு. என் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டால்தான் தூங்குவாள். மூன்று மாதம் என்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அந்தச் சின்னத் தலை எங்கே போகும்? இதை யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், சொன்ன குற்றத்துக்கே கூட்டிப்போய்விடுவார்களே!

வில்லை ஒட்டுவதற்கு முன் அதிகாரி வந்து ஆய்வு செய்வார். அதற்காக, நான் எதைப் பார்த்தும் கவலைப்படாமல் இருக்க வீட்டில் ஒத்திகை நடந்தது. மகன் ஈரத் தலையோடு மின்விசிறிக்கு அடியில் நின்றான். மருமகள் சாப்பாட்டைத் தொடாமல் செருப்பை மாட்டினாள். பேத்தி நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறினாள். அது ஒத்திகை இல்லை, அவளாகவே செய்தது.

"அம்மா, உன் வாய் அசையுது."

"கொட்டாவிடா."

"கொட்டாவி விட்டா 'ஐயோ'ன்னா சத்தம் வரும்?"

அதிகாரி வந்த அன்று பேய் மழை. என் மகனைவிடச் சின்னவர். கையில் குடை இல்லை. குடை என்பது மழையைப் பற்றிய முன்கூட்டிய கவலை என்பதால் துறையில் அதற்கு அனுமதி இல்லையாம். சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார்.

"மகன் வீட்டுக்கு வர நேரமானா என்ன செய்வீங்க?"

"தூங்குவேன்."

"போன் பண்ணி, அவர் எடுக்கலைன்னா?"

"இன்னும் நல்லாத் தூங்குவேன்."

"பேத்தி கீழ விழுந்தா?"

"தரை இருக்கே, அது பிடிச்சுக்கும்."

"பிரமாதம்!" என்றார். என் நெற்றியில் அளவுகோலை வைத்து அளந்தார். "கோடு பழசு. புதுசா எதுவும் விழல." பச்சை வில்லையை எடுத்தார். தும்மினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுபடி தும்மினார். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். எழுந்து வாசலுக்குப் போனார். அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக்கொண்டே போனது. வெளியே பதினைந்து படி, எல்லாம் மழையில் நனைந்த படி.

"லேஸைக் கட்டு தம்பி!"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "மொதல்ல தலையைத் துவட்டு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே, காலையில ஏதாவது சாப்பிட்டியா? இந்தச் சளியோட எத்தனை வீடு ஏறி எறங்குவே? உன் வீட்ல கேக்க ஆள் இல்லையா?"

மகன் தலையில் கை வைத்தான். அதுவே கவலையாகிவிடுமோ என்று பயந்து சொறிவது மாதிரி மாற்றிக்கொண்டான். பேத்தி என் காலைக் கட்டிக்கொண்டாள். நிம்மதி இல்லத்துக்கு எந்தப் புடவையை எடுத்துக்கொள்வது, அதைக் கசக்க வேண்டுமா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"சாப்பிடலம்மா" என்றார் அதிகாரி, மெதுவாக.

துண்டும் சூடான பாலும் கொடுத்தேன். குடித்து முடித்தபிறகுதான் அவருக்கு அலுவலகக் குரல் திரும்பி வந்தது. "விதிப்படி, பொதுமக்கள் மேல படறதுதான் கவலை. அரசு அலுவலர் மேல படறது மரியாதை. நீங்க மரியாதையா நடந்துக்கிட்டீங்க. பால் இன்னும் கொஞ்சம் இருக்கா?"

வில்லை ஒட்டியாகிவிட்டது.

மறுநாள் மதியம் கதவைத் திறந்தால் படி முழுக்க அதிகாரிகள். எல்லாரும் நனைந்து, எல்லாரும் தும்மிக்கொண்டு, எல்லாருக்கும் லேஸ் அவிழ்ந்து. முதல் வில்லையே அவரவர் வீட்டில்தான் ஒட்டினார்களாம். அதற்கப்புறம் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையாம்.

பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "ஏன் தம்பி, உங்க துறையில ஆள் எடுக்கறாங்களா?"

"நெத்தி வழுவழுன்னு இருந்தா போதும்மா. வேற தகுதி எதுவும் கேக்கறதில்ல."

மூன்று பேரையும் சேர்த்துவிட்டேன். மகனுக்கு லேசாக ஒரு கோடு இருந்ததால் உதவியாளர். மருமகள் ஆய்வாளர். பேத்தியின் நெற்றி கண்ணாடி மாதிரி இருக்கவே, நேராகத் தலைமை ஆய்வாளர். என்னை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகட்டும். இனி யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மூன்று பேர் மேலும் எவ்வளவு வேண்டுமானாலும் மரியாதை காட்டலாம்.

"மேன்மைமிகு தலைமை ஆய்வாளர் அவர்களே, மூக்கைச் சிந்துமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"கோரிக்கை நிராகரிக்கப்பட்டது, பாட்டி." குழந்தை சீக்கிரம் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இந்த வழி தெருவுக்குத் தெரிந்தது. பிறகு ஊருக்குத் தெரிந்தது. பெற்றவர்கள் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், பிள்ளைகள் பெற்றவர்களுக்கு நெற்றியில் களிம்பு பூசிக் கூட்டிப்போனார்கள். இஸ்திரிக்காரர்கூட மண்டல அதிகாரி ஆகிவிட்டார். இப்போது ஊரில் கவலை அறவே இல்லை, மரியாதைதான் தாங்க முடியவில்லை. பொதுமக்கள் என்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் ஊரே முறைவைத்து என் வீட்டுக்கு ஆய்வுக்கு வருகிறது.

நேற்று எனக்கு நல்ல காய்ச்சல். பொதுமக்கள் மேல் படுவது கவலை, அது குற்றம். வீட்டில் மூன்று அதிகாரிகள். மகன் அறை வாசல் வரை வந்தான், நின்றான், அலுவலகத்துக்குப் போய்விட்டான். ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு துணியை நனைத்து நானே நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். காய்ச்சலுக்கும் ஆச்சு, கோடும் தெரியாது.