ஆடு வராத கனவு

புருஷோத்தமன் கண்ணைத் திறந்த வேகத்தில் மறுபடியும் இறுக மூடிக்கொண்டார். உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. துடைத்துவிட்ட சிலேட்டாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவருக்குக் கனவு என்று ஒன்று வந்ததே கிடையாது. படுத்தால் கட்டை, எழுந்தால் மனிதன், அவ்வளவுதான்.

சாதாரண ஆளுக்கு இது ஒரு குறையே அல்ல. ஆனால் அவர் வட ஆற்காடு கனவு ஆய்வாளர் சங்கத்தின் செயலாளர். இன்றைக்குத் தலைவராகப் போகிறவர் வேறு.

சங்கம் முறைப்படி பதிவானது, லாப நோக்கமற்றது. "லாபமும் இல்ல, நோக்கமும் இல்ல. தூங்கறதுக்கு எதுக்கு மலை ஏறணும்? வூட்லயே தூங்குங்களேன்" என்பது அவர் மனைவி சிவசங்கரியின் கருத்து. மேதைகளை வீட்டில் இருப்பவர்கள் என்றைக்குப் புரிந்துகொண்டார்கள்?

வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர்கள் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் விடுதிக்கு வந்து கூட்டாகத் தூங்கி, காலையில் கனவுச் சபை கூடுவார்கள். சபைக்குக் கறாரான விதிகள் உண்டு. முகம் கழுவக் கூடாது. தண்ணீர் பட்டால் கனவு கலைந்துவிடுமாம். கனவைச் சொன்ன பிறகுதான் காபி. ஆகவே படித்த பெரிய மனிதர்கள் எல்லாம் கண்ணில் பீளையோடு வட்டமாக உட்கார்ந்து, மனித மனத்தின் ஆழத்தை ஆராய்வார்கள்.

இத்தனை வருஷமும் புருஷோத்தமனைக் காப்பாற்றியது அவருடைய செல்போன்தான். செயலாளர் என்ற முறையில் மற்றவர்களின் கனவுகளை அதில் பதிவு செய்வது அவர் வேலை. பதிவு செய்கிறவரிடம் யாரும் கனவு கேட்பதில்லை. ஆனால் தலைவர் பதவிக்கு நிற்பவர் சபையில் கனவு சொல்லியே ஆகவேண்டும்.

நிற்காமல் இருந்திருக்கலாம். ஆசை விடவில்லை. சந்தவாசலில் தன் உரக்கடை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தே காலம் போய்விட்டது. மேடையில் துண்டு விரித்த நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு மைத்துனன் மணிவேல் அவசரப்பட்டு, சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸே கட்டிவிட்டான். அவர் படத்துக்குக் கீழே, 'கனவுகளின் தலைவரே, வருக!' தோற்றுப்போனால் அந்த ஃபிளெக்ஸுக்கு அடியில்தான் போய் இறங்க வேண்டும்.

சபை கூடியது. பதவி விலகும் தலைவர் பஞ்சாட்சரம், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், தொண்டையைக் கனைத்தார்.

"சாமை வயல்ல ஒரு அம்மிக்கல்லு நடந்து போவுது. பின்னாலயே ஒரு ஆடு. ஒரு கொம்பு ஒடிஞ்ச ஆடு."

"அய்யய்யோ!" என்றார் பொருளாளர் தனசேகரன். ஆரணியில் பட்டு வியாபாரம். "எனக்கும் அதே ஆடுதாங்க! பலா மரத்துல ஏறி ஒக்காந்துகினு, கரண்டியால என்னை அடிக்க வருது."

வேலூர்க் கல்லூரியில் உளவியல் பேராசிரியையான வெண்ணிலாவுக்கு பீமன் நீர்வீழ்ச்சி வந்திருந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் கூழ் கொட்டியது. குடித்துக்கொண்டிருந்தது ஒற்றைக்கொம்பு ஆடு.

வட்டம் சுற்றி வரவர ஆடும் சுற்றி வந்தது. வெண்ணிலா உணர்ச்சிவசப்பட்டு எழுந்தே விட்டார்.

"இதுக்குப் பேர்தான் கூட்டு மனம்! ஒரே இடத்துல தூங்குறவங்க மனசு ஒண்ணாயிடுது. அந்த ஆடு வேற யாரும் இல்ல, நம்ம சங்கத்தோட ஆன்மா. வெளிநாட்டு மாநாட்டுல நான் இதைக் கட்டுரையா வாசிக்கப் போறேன். புருஷோத்தமன் சார், உங்க கனவு?"

புருஷோத்தமன் செல்போனைக் கீழே வைத்தார். யாருக்கும் தொந்தரவில்லாத கனவு ஒன்றை அவர் தயார் செய்து வைத்திருந்தார்.

"படவேட்டாண்ட நம்ம கரும்புத் தோட்டங்க. மோட்டார் ஓடுது. தண்ணி பாயுது. நான் பாத்துகினு நிக்கிறேன்."

"அப்புறம்?"

"பாஞ்சிகினே இருக்குது."

"ஆடு?"

"எந்த ஆடு?"

சபையில் சலசலப்பு. பஞ்சாட்சரம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "எல்லார் கனவுலயும் வந்த ஆடு, தலைவராவப் போறவர் கனவுல மட்டும் ஏன் வரல?"

"வந்துச்சுங்க!" என்றார் புருஷோத்தமன் பதறிப்போய். "சொல்ல மறந்துட்டேன். வரப்பு மேல மேஞ்சிகினு இருந்துது. நல்லா வாட்டசாட்டமா, ரெண்டு கொம்போட."

"ரெண்டா?" வெண்ணிலாவின் குரல் கூர்மையானது.

"ரெண்டு இருந்துதுங்க. அப்புறம் ஒண்ணு ஒடிஞ்சி போச்சி."

"எப்படி ஒடிஞ்சது?"

"கரும்பைக் கடிச்சிதுங்க. நான் ஒரு கட்டையைத் தூக்கி வீசினேன்."

யாரோ 'ச்சூ' கொட்டினார்கள். வெண்ணிலா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சங்கத்தோட ஆன்மாவைக் கட்டையால அடிச்சிருக்கீங்க. உங்க மனசுக்குள்ள இவ்வளவு வெறுப்பா?"

வெறுப்பா? புருஷோத்தமனுக்கு வேர்த்துக் கொட்டியது. இந்த மாமனிதர்களை அவர் மனதார மதித்தார். கனவு வராத குறையை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் சங்கத்திலேயே சேர்ந்தார். எப்படியாவது அந்த ஆட்டுக்கு மரியாதை செய்துவிட வேண்டும் என்று துடித்தார்.

"இல்லீங்கம்மா! ஒடனே ஓடிப்போய் அதைக் கட்டிப் புடிச்சேன். மஞ்சத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி, நெத்தியில குங்குமம் வெச்சி, கழுத்துல மாலை போட்டு, மேளத்தோட கூட்டினு போனேங்க!"

வட்டம் சட்டென்று ஒரு சாண் பின்வாங்கியது.

மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாலை போட்ட ஆட்டை மேளத்தோடு எங்கே கூட்டிப்போவார்கள் என்பது அந்த வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். சொல்லி முடித்த பிறகு புருஷோத்தமனுக்கும் தெரிந்தது. பஞ்சாட்சரத்தின் கை தானாகத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

"சங்கத்தை முனீஸ்வரனுக்கு வெட்டிட்டு, பொங்கல் வெக்கலாம்னு இருக்கீங்களா?" என்றார் தனசேகரன்.

"அய்யோ, இல்லீங்க, வெட்டறதுக்குள்ள எனக்கு முழிப்பு வந்துட்டுது!"

"முழிப்பு வரலன்னா?"

இதற்குமேல் புருஷோத்தமனால் முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குக் கனவே வராதுங்க! இதுவரைக்கும் ஒண்ணுகூட வந்தது இல்ல. இவ்ளோ நேரம் சொன்னது அத்தனையும் நானா கட்டினதுங்க. மன்னிச்சிடுங்க!"

பிறகு நடந்தது ஒரு அறநெறி வகுப்பு. பொய் சொல்வது மனித இயல்பாக இருக்கலாம், ஆனால் கனவில் பொய் சொல்வது விஞ்ஞானத்துக்குச் செய்யும் துரோகம் என்றார் வெண்ணிலா. வியாபாரத்தில்கூடத் தான் இப்படிக் கலப்படம் செய்ததில்லை என்று தனசேகரன் கண்கலங்கினார். "உண்மை ஒண்ணுதான் இந்தச் சங்கத்தோட அஸ்திவாரம்" என்று பஞ்சாட்சரம் மேசையைத் தட்டினார். எல்லோரும் கை தூக்கினார்கள். தலைவர் பதவி வெண்ணிலாவுக்குப் போனது. செயலாளர் பதவியும் பிடுங்கப்பட்டது. உண்மையான கனவு சொல்லாததால் அவருக்குக் காபியும் கிடையாது என்று ஒரு துணைத் தீர்மானம் நிறைவேறியது.

புருஷோத்தமன் பையைத் தூக்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் விடுதியின் பின்பக்கமாக நடந்தார். இத்தனை நல்லவர்கள் நடுவில் ஒரு போலியாக இத்தனை காலம் உட்கார்ந்திருந்தோமே என்று கூசியது. மணிவேலுக்கு போன் செய்து ஃபிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லலாம் என்று பார்த்தால், மலையில் சிக்னலும் இல்லை.

"சார், நில்லுங்க. இந்தக் காபியைக் குடிச்சிட்டுப் போங்க."

சமையற்கட்டு வாசலில் முனியம்மா டம்ளரோடு நின்றாள். சங்கம் வரும்போதெல்லாம் சமைப்பவள் அவள்தான். அந்த ஒரு வார்த்தையில் புருஷோத்தமன் உடைந்துபோனார்.

"வேணாம்மா. நான் அதுக்குத் தகுதி இல்லாதவன். கனவே வராம, நானா ஒண்ணைக் கட்டிச் சொல்லி மாட்டிகினேன்."

முனியம்மா டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"இன்னா சார் நீங்க, மத்தவங்கல்லாம் வருசா வருசம் விடியறதுக்குள்ள திருட்டுத்தனமா என்னாண்ட வந்து ஆளுக்கொரு கனவு கேட்டுகினு போறாங்க, உங்களுக்குன்னுகூட நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிகினு காத்துகினு இருந்தேன், நீங்க மட்டுந்தான் வரவே இல்ல!"